நரையும் மனையும் நட்பும்

நெடுநாட் பிரிந்திருந்த நண்பர் முதுமையிற் சந்திக்குமிடத்து ஒருவர் மற்றவரின் தலைமயிரையே முதலில் நோக்குவர். நோக்கியபின் எழும் பேச்சு பெரும்பாலும் மூன்று பொருள்களைச் சுற்றியே அமையும். கழிந்த இளமை ஒன்று. மனையும் மக்களும் எவ்வாறுளர் என்பது மற்றொன்று. எஞ்சிய காலத்தை யாது செய்வது என்பது மூன்றாவது. இப்பேச்சு எளிய நலவிசாரிப்புப் போலத் தோன்றினும் அதனுள்ளே அறவியல் சார்ந்த கடினமான வினாவொன்று மறைந்து கிடக்கின்றது. முதுமையடைந்த ஒருவன் யாருக்கு உரியவன்? தன்னுடன் இல்லறம் நடத்தியவளுக்கா, தான் பெற்ற மக்களுக்கா, தானே தேர்ந்துகொண்ட நண்பனுக்கா, அன்றித் தனக்கே தானா?

இவ்வினாவைத் தமிழில் மிகக் கூர்மையாக எழுப்புவன புறநானூற்றிலே கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார், பொத்தியார் ஆகிய மூவரைப் பற்றியமைந்த பாடல்களாகும். உ. வே. சாமிநாதையர் 1894 ஆம் ஆண்டிற் புறநானூற்றை அச்சிட்டு வெளியிட்டது முதல் இப்பாடல்கள் நட்பின் பெருமைக்குச் சான்றாகவே எடுத்தாளப்பட்டு வந்துள்ளன. அதற்கு முன்னரே திருக்குறளின் நட்பதிகாரத்துக்கு உரைகண்ட பரிமேலழகர், நேரிற் பழகாமலே உணர்ச்சியொன்றினால் நட்பு அமையும் என்பதற்குச் சோழனையும் ஆந்தையாரையுமே எடுத்துக்காட்டினார். பாரதிதாசன் பிசிராந்தையாரை நாடகத் தலைவராக்கினார். அந்நாடகம் 1969 ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமியின் பரிசையும் பெற்றது. இவ்வாறு நட்பு ஒன்றே பேசப்பட்டமையால், அதே பாடல்களுள் முதுமையும் இல்லறமும் பற்றி அமைந்துள்ள செய்திகள் போதிய அளவு நோக்கப்படவில்லை என்றே கூறல் வேண்டும்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை அவசியம். இப்பாடல்களின் கதைத்தொடர்பை நாம் பெரிதும் பாடல்களின் கீழுள்ள கொளுக்களிலிருந்தே பெறுகின்றோம். அவை பாடல்களைத் தொகுத்தோராலோ பின்வந்தோராலோ சேர்க்கப்பட்டனவாகலாம். பேராசிரியர் க. கைலாசபதி 1968 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வீரயுகப் பாடல் பற்றிய ஆய்வு, இப்பாடல்களை வாய்மொழி மரபின் வழிவந்தனவாகக் காண்டல் வேண்டுமென வற்புறுத்தியது. ஆகவே, இவற்றை வரலாற்று ஆவணங்களாகக் கொண்டு தீர்ப்புக் கூறல் பொருந்தாது. ஆயின் ஒரு சமுதாயம் தான் போற்றிப் பேணிய கதைகளிலே எதைச் சொல்லிற்று, எதைச் சொல்லாது விட்டது என ஆராய்தற்கு வரலாற்று உண்மை இன்றியமையாததன்று.

முதலில் இளமையை நோக்குவோம். கழிந்த இளமைக்கு இரங்குதல் புறநானூற்றுக்குப் புதிதன்று. 243 ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர்கூட எஞ்சவில்லை. அவர் ஊன்றிய பூண் கட்டிய பெருங்கோலே அவருக்குப் பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் ஆயிற்று. இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் அம்முதியவர், மகளிரோடு கைகோத்து ஆடியதையும், நீர்த்துறை மருதமரத்திலேறிக் கரையிலுள்ளோர் வியக்க மடுவிற் குதித்து அடிமணலை அள்ளி வந்ததையும் நினைத்து, அந்த இளமை எங்கே போயிற்றென வினவுகின்றார். அவர் பாடலில் மனைவி இல்லை; மக்கள் இல்லை; நண்பரும் பெயரற்ற கூட்டமாகவே தோன்றுகின்றனர். உடல் வலிமையே அவருக்கு இளமை. அது போனபின் எஞ்சியது கோல் மட்டுமே.

பிசிராந்தையாரின் 191 ஆம் பாடலை இதனருகே வைத்துப் படித்தல் வேண்டும். ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமை எங்ஙனம் என்று கேட்டோர்க்கு அவர் கூறிய விடை அது. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தாம் கருதுவதையே கருதும் ஏவலிளையர், தீயன செய்யாது காக்கும் வேந்தன், இவற்றின் மேலாகத் தம் ஊரிலே கல்வியும் பணிவும் அடக்கமும் வாய்ந்த சான்றோர் பலர். இவ்வளவே விடை. உணவுமுறை பற்றியோ உடற்பயிற்சி பற்றியோ மருந்து பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. தம் மனவுறுதியைப் பற்றியும் அவர் பேசவில்லை என்பதே இங்கு முக்கியமானது.

இதன் தனித்தன்மை கிரேக்கச் சிந்தனையோடு ஒப்பிடுமிடத்து நன்கு விளங்கும். பிளேற்றோவின் ‘குடியரசு’ நூலின் தொடக்கத்திலே கெபாலசு என்னும் முதியவர் சோக்கிரதீசுடன் உரையாடுகின்றார். ஒத்த வயதினரான முதியோர் ஒன்றுகூடும்போது பலர் இளமையின்பங்கள் கழிந்தமைக்கும் உறவினர் தம்மைப் புறக்கணிப்பதற்கும் வருந்துவர் என்று கூறும் அவர், வருத்தத்துக்குக் காரணம் முதுமையன்று, அவரவர் இயல்பே என்கின்றார். மன ஒழுங்குடையார்க்கு முதுமை பெரிய சுமையன்று. அது இல்லாதார்க்கு இளமையும் சுமையே என்பது அவர் முடிபு. செல்வம் இருப்பதனாலன்றோ நீர் இவ்வாறு பேசுகின்றீர் எனச் சோக்கிரதீசு குறுக்கிடுவதும், அதில் ஓரளவு உண்மை உண்டெனக் கெபாலசு ஒப்புவதும் சுவையான பகுதிகள். கெபாலசு நல்ல முதுமைக்குக் காரணத்தைத் தம்முள்ளே காண்கின்றார். பிசிராந்தையாரோ காரணம் அனைத்தையும் தமக்கு வெளியே காண்கின்றார். தமது கரிய தலைமயிரை அவர் தம் பெருமையாகக் கொள்ளவில்லை. பிறரின் நற்பண்பு தம்மேற் படிந்த அடையாளமாகக் கொள்கின்றார். முன்னையது தற்சார்பின் அறம். பின்னையது நன்றியுணர்வின் அறம் எனலாம்.

இடையில் ஒன்று கூறவேண்டியுள்ளது. வேந்தன் தீயன செய்யான் என்ற புகழுரையை முகமன் என்று தள்ளிவிடல் எளிது. ஆயின் இதே பிசிராந்தையார்தாம் பாண்டியன் அறிவுடைநம்பியிடம் சென்று, முறையறிந்து வரி பெறுவதற்கும் நாட்டை அழித்து வரி பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டை, கவளமாக உண்ணும் யானைக்கும் வயலிற் புகுந்து தன் வாயிற் புகுவதினும் மிகுதியைக் காலால் மிதித்தழிக்கும் யானைக்கும் உள்ள வேறுபாடாக எடுத்துரைத்தவர் (184). அரசனைத் திருத்தத் துணிந்தவர் அரசனைப் பாராட்டுமிடத்து அச்சொல்லுக்கு எடை உண்டு. நரையின்மை அவருக்கு வாளாவிருந்து கிடைத்த பேறன்று என்பதும் இதனாற் புலப்படும்.

எனினும் வெளியுலகைச் சார்ந்த மகிழ்ச்சிக்கு ஓர் இடர் உண்டு. மனைவி மாண்பிலளாயின் யாது செய்வது? மக்கள் பகைவராயின் யாது செய்வது? இவ்வினாவுக்கு விடைதேடத் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. ஆந்தையாரின் உயிர்நண்பனின் நிலையே அதுதான்.

கோப்பெருஞ்சோழனின் மக்கள் இருவர் தந்தைக்கு எதிராகப் போருக்கு எழுந்தனர். சோழனும் படையுடன் புறப்பட்டான். அப்போது புல்லாற்றூர் எயிற்றியனார் குறுக்கிட்டுக் கூறியன 213 ஆம் பாடலில் உள்ளன. எதிர்த்து வந்தோர் உன் பழம்பகைவர் அல்லர். நீ மறைந்தபின் இந்நாடு அவர்க்கே உரியது. அவரை வென்றாயாயின் உன் செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வாய்? தோற்றாயாயின் உன் பகைவர் மகிழ்வர். ஆதலால் போரை விட்டு நல்வினை செய்க என்பது அவர் கூற்றின் சாரம். இதிலே தந்தை மக்கள் உறவின் மென்மை எதுவும் இல்லை; வாதம் முற்றிலும் உரிமை பற்றியது. ஆயினும் சோழன் அதனை ஏற்றான். போரைக் கைவிட்டதோடு அமையாது வடக்கிருந்து உயிர்நீக்கவும் துணிந்தான்.

அவ்வேளையிற் பாடியதாகக் கூறப்படும் 214 ஆம் பாடலில் மக்களைப் பற்றிய குறையேதும் இல்லை. யானை வேட்டைக்குச் சென்றவன் யானையைப் பெறவும் கூடும்; குறும்பூழ் வேட்டைக்குச் சென்றவன் அதுவும் பெறாது வெறுங்கையோடு திரும்பவும் கூடும்; ஆகவே உயர்ந்ததையே நாடுக என்கின்றான். வினைப்பயன் உண்டாயின் மேலுலகம், அதில்லையாயின் பிறவாமை, அதுவும் இல்லையாயின் இமயச் சிகரம் போன்ற புகழ். எவ்வழியும் இழப்பில்லை எனக் கணக்கிடும் இப்பாடல் தெளிவான தருக்கமுடையது. ஆனால் முதுமையில் ஒருவன் இறப்பை இத்துணைத் தெளிவாகக் கணக்கிடும்போது, அவன் வாயினின்று வராத சொல்லையே நாம் ஐயுறவேண்டும். மனைவியைப் பற்றியோ மக்களைப் பற்றியோ அவன் பேசவில்லை. பேசுவதெல்லாம் பாண்டிநாட்டிலுள்ள, தான் ஒருநாளும் காணாத நண்பனைப் பற்றியே. என் செல்வக் காலத்தில் அவன் வாராதிருப்பினும் இடர்க்காலத்தில் வாராதிரான் (215). தன் பெயரைக் கூறுமிடத்து என் பெயரையே தன் பெயராகக் கூறுவான். அவனுக்கும் இடம் ஒதுக்குக (216) என்பன அவன் சொற்கள். பெற்ற மக்கள் தன் பெயரை அழிக்க எழுந்த காலத்தில், பெறாத ஒருவன் தன் பெயரைச் சூடியிருக்கின்றான் என்பது அவனுக்கு எஞ்சிய ஆறுதலாயிற்று.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. நரையின்மைப் பாடலைப் பிசிராந்தையார் சோழனிடம் வந்த காலத்து அங்கிருந்த சான்றோர்க்குக் கூறியதாகக் கொள்ளும் மரபு உண்டு. மரபு மெய்யாயின், மக்களாற் கைவிடப்பட்டு உண்ணாதிருக்கும் நண்பனின் பக்கத்தில் நின்று, என் மனைவி மாண்பினள், என் மக்கள் நிரம்பினர் என ஒருவர் பேசியிருக்கின்றார் என்றாகும். அதனினும் கொடிய சொல் வேறு உண்டோ? பாடலின் உட்சான்று இடத்தையோ காலத்தையோ வரையறுக்கவில்லை. தம்மைக் காணவந்தோர் கேட்ட இயல்பான வினாவுக்குத் தம்மூர்ப் பெருமை தோன்ற இறுத்த விடையாகவும் அதனைக் கொள்ளலாம். அவ்வாறு கொள்ளுதலே அவர்தம் பண்புக்குப் பொருந்தும். நட்பு என்பது நண்பனின் முன் தன் நல்வாழ்வை அடக்கிக்கொள்ளவும் அறிவதன்றோ.

பொத்தியார் நிலை வேறு. சோழனோடு நாள்தோறும் கூடியிருந்து மகிழ்ந்தவர் அவரே. இதனைச் சான்றுரைப்பவரும் பிசிராந்தையார்தாம். உம் வேந்தன் யார் எனக் கேட்டோர்க்கு, கோழியிலிருந்து பொத்தியோடு நட்பிற் கலந்து மகிழும் சோழனே என 212 ஆம் பாடலில் விடையிறுக்கின்றார். தொலைவிலுள்ள நண்பர் அருகிலுள்ள நண்பரை அழுக்காறின்றிக் குறிப்பிடும் அரிய இடம் அது. அத்தகைய பொத்தியார் சோழனுடன் தாமும் வடக்கிருக்க முற்பட்டபோது சோழன் தடுத்தான். நிழல்போற் பிரியாதவளாய் உன்னை விரும்பும் உன் மனைவி புதல்வனைப் பெற்றபின் வா என்று திருப்பி அனுப்பினான். 222 ஆம் பாடலால் இதனை அறிகின்றோம்.

சோழனின் இச்செயல் ஆழ்ந்த ஆராய்ச்சிக்கு உரியது. மக்களால் அழிந்த ஒருவன், இன்னொருவன் மகனைப் பெறாது இறத்தல் ஆகாது என்கின்றான். மகப்பேறு முன்னோர்க்கு ஆற்றவேண்டிய கடன் என்ற நம்பிக்கை இதற்குக் காரணமாகலாம். கருவுற்றவளைத் தனியே விட்டு வருதல் அறமன்று என்ற இரக்கமும் காரணமாகலாம். மகனின் முகத்தைக் கண்டபின் பொத்தியார் இறக்கும் எண்ணத்தை விட்டுவிடுவார் என்று சோழன் எதிர்பார்த்தான் எனக் கருதுவோரும் இருத்தல் கூடும். அது அழகிய எண்ணம், ஆயின் பிறந்தபின் வா என்ற சொல் அதற்கு இடந்தரவில்லை. உண்மையில் அச்சொல்லில் ஒரு கடுமை உண்டு. மகன் பிறந்தவுடன் தந்தையின் கடன் தீர்ந்தது என அது கணக்கிடுகின்றது. புறநானூற்றின் மற்றொரு பாடல் இக்கணக்கை மறுக்கின்றது. பொன்முடியார் பாடிய 312 ஆம் பாடல், பெற்று வளர்த்தலைத் தாயின் கடனாகவும் மகனைச் சான்றோனாக்குதலைத் தந்தையின் கடனாகவும் வகுக்கின்றது. அவ்வளவையின்படி பொத்தியாரின் கடன் மகன் பிறக்கும் நாளிலேயே தொடங்குகின்றது. அதே அளவையாற் சோழனையும் அளந்தால், மக்களைச் சான்றோராக்கும் கடனிலே தவறிய தந்தை ஒருவன், வேறொரு தந்தை அக்கடனைத் தொடங்குமுன்னரே அவனை விடுவிக்கின்றான் என்றாகும். தன் வாழ்வில் எது பிழைத்தது என்பதைச் சோழன் இறுதிவரை உணரவில்லையோ என்ற ஐயம் இங்கே தோன்றுகின்றது.

இத்தொடர்பில் அறிவுடைநம்பியின் 188 ஆம் பாடலை நினையாதிருக்க முடியாது. உண்கலத்திற் கையிட்டு, நெய்ச்சோற்றை மேனியெங்கும் சிதறி, குறுகுறு நடந்து மயக்கும் மக்களை இல்லாதோர்க்கு வாழ்நாட்பயன் இல்லை என அப்பாண்டியன் பாடினான். பிசிராந்தையார் அறிவுரை கூறியதும் அவனுக்கே. அப்பாடலிலே மகன் ஒரு கடன் அல்லன்; உண்கலத்தருகே இருக்கும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியைப் பொத்தியார் எத்தனை நாள் நுகர்ந்தார் என்பதற்குக் குறிப்பு எதுவுமில்லை.

இனி, எல்லாவற்றினும் கடினமான வினாவுக்கு வருவோம். பிசிராந்தையாரை எவரும் தடுக்கவில்லை. அவர் வந்ததைக் கண்டு பொத்தியார் வியந்தார். சோழன் வருவான் என்றதும் அவன் சொல் பிழையாது ஆந்தையார் வந்ததும் அவருக்குப் பெருவியப்பாயின (217). பொன்னும் பவளமும் முத்தும் மணியும் வெவ்வேறிடத்துப் பிறந்தும் ஓர் அணியிற் கோக்கப்படுமிடத்து ஒன்றுகூடுதல் போலச் சான்றோர் சான்றோரைச் சேர்வர் எனக் கண்ணகனார் பாராட்டினார் (218). ஆந்தையாரின் மனைவியை எவரும் நினைக்கவில்லை. தம் தலை நரையாமைக்கு முதற்காரணமாக எவளை அவர் குறிப்பிட்டாரோ அவளை விட்டு நீங்கியே அவர் உறையூருக்கு வந்தார்.

கணவன் இறந்தபின் அக்காலத்து மகளிர்க்கு எஞ்சிய வாழ்வு எத்தகையது என்பது மறைபொருளன்று. பூதபாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு தன்னைத் தீப்புகாது தடுத்த சான்றோரை நோக்கிக் கூறிய 246 ஆம் பாடல் அதனை விரிக்கின்றது. நெய்யற்ற உணவு, வேளைக்கீரை, பாயின்றிப் பருக்கைக்கற்களின்மேற் படுக்கை என்ற கைம்மை வாழ்வினும் ஈமத்தீயே தனக்குத் தாமரைப் பொய்கை என்றாள் அவள். கணவரை இழந்த மகளிர் கூந்தல் கொய்யப்படுதலை 25 ஆம் பாடலும் குறிப்பிடுகின்றது. நரையாத தலையோடு ஆந்தையார் வடக்கிருந்தபோது, அந்நரையின்மைக்குக் காரணமானவளின் கூந்தலுக்கு யாது நேர்ந்திருக்கும் என்பதைப் பாடிய சான்றோருள் எவரும் கேட்கவில்லை.

ஆந்தையார் சார்பிற் கூறத்தக்கனவும் உள. மக்கள் நிரம்பினர் என்ற சொல்லே அவருக்கு விடுதலைச் சொல்லாகின்றது. முதிர்ந்த அறிவுடைய மக்களும் ஒத்த மனமுடைய இளையரும் சான்றோர் நிறைந்த ஊரும் உள்ள இடத்தில் அவர் மனைவி ஆதரவற்றவள் ஆகாள். அவரில்லாமலும் நிற்கவல்ல குடும்பம் அது; பொத்தியாரின் குடும்பம் அவ்வாறன்று. சோழன் ஒருவனைத் தடுத்து மற்றவனுக்கு இடம் ஒதுக்கியதிலும் இவ்வேறுபாடே அடிப்படை எனலாம். மேலும், மணவுறவு பெரிதும் குலமும் சுற்றமும் கூட்டிவைப்பது; காணாமலே கொண்ட நட்பு ஒருவனின் உள்ளம் தானே தேர்ந்தது. வாழ்நாள் முழுவதும் மனைக்கடனை ஆற்றிய ஒருவன் இறுதியில் ஒருமுறை தான் தேர்ந்த உறவுக்கு உரியவனாதல் தவறோ என்று வினவலாம். அவள் மனமுவந்து விடைகொடுத்தனள் எனக் கருதுதற்கும் தடையில்லை. மாண்ட மனைவி என்ற சொல் அதற்கும் இடந்தரும்.

இவ்வாதம் வலிமையுடையதே. எனினும் அது முற்றும் நிறைவு தருவதன்று. ஆதரவின்மை ஒன்றே இழப்பன்று. முதுமையில் மனைவிக்குக் கணவன் காவலன் மட்டும் அல்லன், துணைவன். தொல்காப்பியக் கற்பியல் இதனை அறிந்திருந்தது. காமம் நிறைவெய்திய இறுதிக்காலத்திலே மக்களொடும் அறம்விரும்பும் சுற்றத்தொடும் கூடித் தலைவனும் தலைவியும் சிறந்ததைப் பயிலுதலே கழிந்த வாழ்வின் பயன் என அது விதித்தது. சிறந்ததைப் பயில்வோர் இருவர், ஒருவர் அல்லர். ஆந்தையார் சிறந்ததொன்றைச் செய்தார் என்பதில் ஐயமில்லை. அதனைத் தனியே செய்தார்.

இதற்குரிய மிகக் கூர்மையான கண்டனத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை. கோப்பெருஞ்சோழன் பெயரால் குறுந்தொகையில் நான்கு பாடல்கள் உள்ளன. அவற்றுள் 129 ஆம் பாடல் தலைவன் தன் காதலை நண்பனிடம் உரைப்பது. காதலும் நட்பும் ஒன்றையொன்று தாங்கும் இளமைக்காலத்தின் குரல் அது. 20 ஆம் பாடலோ தலைவியின் கூற்று. அருளையும் அன்பையும் நீக்கித் துணையைத் துறந்து பொருள்தேடிச் செல்வோர் அறிவுடையோராயின், அவ்வறிவுடையோர் அவ்வாறே இருக்கட்டும்; நாம் அறிவிலிகளாகவே இருப்போம் என்கின்றாள் அவள். பொருளுக்காகத் துணையைத் துறத்தல் இகழ்ச்சிக்குரியதாயின், நட்புக்காகத் துறத்தல் எவ்வளவில் வேறுபடும்? பொருளினும் நட்பு உயர்ந்தது என்பது உண்மை. துறக்கப்பட்டவளுக்கு அவ்வேறுபாடு ஆறுதலாகுமோ என்பதே வினா. பெண்ணின் உள்ளத்தில் நின்று இப்பாடலைப் பாடத் தெரிந்த சோழன், பாண்டிநாட்டிலிருந்து ஒருவரை வருவித்தபோது அவ்வுள்ளத்தை மறந்தனன்.

ஆடவர் தம் மனைவியர்க்காக உயிர்விட்டதாகப் புறநானூறு கூறவில்லை. மனைவியை ஈமத்தில் இட்டபின்னும் தான் உயிரோடிருப்பதை எண்ணி நொந்த சேரமான் மாக்கோதையின் 245 ஆம் பாடல் உருக்கமானது. ஆயின் அவன் உயிரோடிருந்தே பாடினான். கணவனுக்காக மனைவி இறந்தாள். நண்பனுக்காக நண்பன் இறந்தான். மனைவிக்காக எவனும் இறந்திலன். இவ்வரிசையிலிருந்து அச்சமுதாயத்தின் மதிப்பீட்டை ஊகித்தல் கடினமன்று. பெண்ணொருத்தி தன் தோழிக்காக வீட்டைவிட்டுச் சென்று வடக்கிருக்க எண்ணியிருந்தால் எந்தச் சான்றோர் அவளுக்கு இடம் ஒதுக்கியிருப்பர்?

நண்பனோடு இறத்தல்தான் நட்பின் உச்சமோ என்பதும் கேட்கத்தக்கதே. அதியமான் வீழ்ந்தபோது ஔவையார் புலம்பினார் (235). உடன் மாய்ந்ததாகப் பாடலில் இல்லை. அதனால் அவர் நட்புக் குறைந்ததென எவரும் கூறார். கபிலர் செயல் இன்னும் சிந்திக்கத்தக்கது. பாரி இறந்தபோது உடன் இறக்க விரும்பியும் அவர் இறக்கவில்லை. நண்பனின் பெண்மக்கள் இருவரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று மணங்கொள்ளுமாறு வேண்டினார், மறுக்கப்பட்டார், இருங்கோவேளைக் கடிந்தும் பாடினார் (200, 201, 202). அம்மகளிர்க்கு ஒரு புகலிடம் கண்டபின்னரே வடக்கிருந்தார் என்பது மரபு. முதுமையில் ஒரு புலவர் ஊரூராக நடந்து, இளமகளிர் இருவரின் மணத்துக்காக அவமதிப்பை ஏற்றல், உண்ணாதிருந்து உயிர்விடுதலினும் எளிதன்று. இறந்த நண்பன் விட்டுச்சென்ற கடனைத் தன் கடனாக ஏற்றலிலே நட்பும் இல்லறமும் ஒன்றோடொன்று பகைக்கவில்லை. ஆந்தையாரின் நட்பினும் கபிலரின் நட்பு அறவகையில் நிறைவுடையது என்று துணிந்து கூறலாம்.

பிசிராந்தையாரின் 67 ஆம் பாடலில் வரும் அன்னச்சேவல் இங்கு நினைவுக்கு வருகின்றது. குமரித்துறையில் மேய்ந்து வடமலை நோக்கிச் செல்லும் அச்சேவலிடம் அவர் தூது சொல்கின்றார். சோழநாட்டிற் கோழி நகரின் மாடத்தில் உன் பேடையோடு தங்கி, வாயிலோனைக் கேளாது உட்புகுந்து, பிசிர் ஆந்தையின் அடியேன் எனக் கூறுவாயாயின், உன் பேடை அணிதற்குச் சோழன் தன் அணிகலன்களை நல்குவான் என்பது செய்தி. பறவையைத் தனியே அனுப்ப அவர் நினைக்கவில்லை. அதன் இணையையும் சேர்த்தே நினைத்தார். தாம் புறப்பட்ட நாளில் இப்பாடல் அவர் நினைவுக்கு வந்ததோ இல்லையோ.

பொத்தியார் உறையூருக்குத் திரும்பியபோது அரசனில்லா மன்றத்தைக் கண்டு, தான் பேணிய யானை இறந்தபின் வெறுங்கூடத்தை நோக்கிக் கலங்கும் பாகன்போலக் கலங்கினார் (220). பின்னர் மகன் பிறந்தபின் நடுகல்லை நோக்கி வந்து, அன்பின்றி என்னை அன்று போக்கினாயே, எனக்குரிய இடம் யாது என்று கேட்டார். கல்லான பின்னும் நண்பர்க்கு இடங்கொடுத்தான் சோழன் என 223 ஆம் பாடல் கூறுகின்றது. பிறந்த மகனுக்கு யாது பெயரிட்டனர், நிழல்போற் பிரியாதிருந்த அவன் தாய் அவனைக் கொண்டு எங்கே வாழ்ந்தாள் என்பன பற்றி எப்பாடலும் பேசவில்லை.